தகவல் தொழில்நுட்பம்: சொல்லும் பொருளும்



நாள்தோறும் கைமாறுகின்ற நாணயத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் உற்றுப் பார்ப்பதில்லை. எழுத்துத் தேய்ந்திருந்தாலும் கடைக்காரர் வாங்கிக்கொள்கிறார். நாமும் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். சில சொற்களும் அப்படித்தான். புழங்கிப் புழங்கி அவற்றின் பொருள் தேய்ந்துவிடுகிறது. 'தகவல் தொழில்நுட்பம்' என்பது அத்தகைய ஒரு சொல். மேல்நிலை வகுப்பு மாணவர் ஒருவரிடம், "மேற்கொண்டு என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டால், "ஐ.டி." என்று இரண்டே எழுத்தில் விடை கூறுகிறார். "ஐ.டி. என்றால் என்ன?" என்று மறுபடியும் கேட்டுப் பாருங்கள். ஒருவர் "கணிப்பொறி" என்பார். மற்றொருவர், "சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கும் பெரிய பெரிய கட்டடங்கள்" என்பார். வேறொருவர் "நல்ல சம்பளம்" என்பார்.

மருத்துவம் யாது என்று வினவினால், ஊசி என்றோ, மருத்துவமனைக் கட்டடம் என்றோ, மருத்துவர் பெறும் ஊதியம் என்றோ நாம் விடை கூறுவதில்லை. நோய் தீர்க்கும் கலை என்று கூறுகிறோம். அதுபோலவே, தகவல் தொழில்நுட்பம் என்பது எதனைச் செய்யும் கலை என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா? இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன். இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. இயந்திரம் காட்டும் எண்ணையே உண்மை என்று கொண்டதனால், குற்றமற்ற மக்கள் சிறை சென்ற நிகழ்ச்சி நம் காலத்திலேயே நடந்திருக்கிறது. அதனையும் பின்னர்க் கூறுவேன்.

ஒரு சொல்லின் பொருளை அறிய வேண்டுமானால், அது பிறந்த இடத்திற்குச் சென்று பார்ப்பது நல்ல வழி. 1958ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவில் வெளியாகும் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ' என்னும் இதழில் ஹெரால்டு லெவிட், தாமஸ் விஸ்லர் என்னும் இரு பேராசிரியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1980களில் பெரிய நிறுவனங்களின் நிர்வாகம் எவ்வாறு மாறியிருக்கும் என்பதே அக்கட்டுரையின் பொருள். புதிய நுட்பம் ஒன்று தொழிலுலகில் புகுந்திருக்கிறது என்றும், அதற்கு இன்னும் நிலையான பெயர் ஏற்படவில்லை என்றும் கூறி, அதற்கு அவர்கள் ஒரு பெயர் சூட்டினார்கள். அப்பெயர்தான் 'தகவல் தொழில்நுட்பம்'.

பெயர் சூட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. அதன் உறுப்புகள் மூன்று என்றும் பிரித்துக் காட்டினார்கள். மிகுதியான தகவல்களை மிக விரைவாகக் கையாளும் முறை முதலாவது. கணிதத்தையும் புள்ளியியலையும் துணையாகக் கொண்டு முடிவு காணும் முறை இரண்டாவது. மனிதனுடைய உயர்ந்த சிந்தனையைக் கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் வாயிலாகப் போலச் செய்துகாட்டும் முயற்சி மூன்றாவது. இம்மூன்றையும் ஊன்றிப் பாருங்கள். கணிப்பொறி இதில் ஒரு கருவி, நோக்கம் அதுவன்று. தகவல்களைத் திரட்டி, ஆராய்ந்து, அவற்றைக் கொண்டு ஒரு முடிவுக்கு வருவதே நோக்கம். பெயர் பிறந்த நாளிலேயே அதன் பொருள் இவ்வளவு விரிந்திருந்தது. நாம்தான் அதனை ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட்டோம்.

இனி, மூன்று உறுப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

தகவலைப் பதிவு செய்வதும் காப்பதும் புதிய வேலைகள் அல்ல. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், இன்று ஈராக் என்று வழங்கும் நிலப்பகுதியில் வாழ்ந்தவர்கள், ஈரக் களிமண் பலகைகளில் குறிகள் இட்டார்கள். அவை காவியங்கள் அல்ல. தானியம் எவ்வளவு, ஆடு எத்தனை என்னும் கணக்குகள். எழுத்து என்னும் பெருங்கலையே கணக்குப் பதிவில் தோன்றியது என்று அறிஞர் கருதுகின்றனர். பதிவுகள் பெருகப் பெருக, எழுதுவது எளிதாயிற்று. எழுதியதைக் கூட்டிப் பார்ப்பதுதான் அரிதாயிற்று.

அந்த அருமையை அமெரிக்க அரசாங்கம் 1880ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நன்கு உணர்ந்தது. வீடு வீடாகச் சென்று எழுதிக்கொண்டு வந்த தாள்களைக் கையால் எண்ணி, வகைப்படுத்தி முடிப்பதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. அடுத்த கணக்கெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்நிலையில், ஹெர்மன் ஹாலரித் என்னும் பொறியியலறிஞர் ஒரு வழி கண்டார். அக்காலத்துப் புகைவண்டிகளில், பயணியின் முடியின் நிறம், கண்ணின் நிறம் முதலிய அடையாளங்களைப் பயணச்சீட்டிலேயே துளையிட்டுக் காட்டும் வழக்கம் இருந்தது. ஒருவர் சீட்டை மற்றொருவர் பயன்படுத்தாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. இதனைக் கண்ட ஹாலரித், ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அட்டை எடுத்து, அவர் வயது, தொழில், பிறந்த நாடு முதலியவற்றைத் துளைகளாக இட்டால் என்ன என்று எண்ணினார். துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும். ஊசி நுழைந்தால் மின்சாரம் ஓடும். மின்சாரம் ஓடினால் எண்ணும் முள் ஓரெண் நகரும். இவ்வளவுதான் அந்த இயந்திரம். 1890ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில், ஏறத்தாழ 6 கோடியே 26 லட்சம் என்னும் மக்கள்தொகையைச் சில வாரங்களிலேயே எண்ணிச் சொல்ல முடிந்தது. ஹாலரித் தொடங்கிய நிறுவனம் 1911ஆம் ஆண்டில் வேறு நிறுவனங்களோடு இணைந்தது. இணைந்த நிறுவனம் 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயர் பெற்றது.

நம் நாட்டிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். புகைவண்டியில் இடம் முன்பதிவு செய்யும் வேலை ஒரு காலத்தில் பேரேடுகளிலேயே நடந்தது. இந்த வண்டிக்கு இந்தச் சன்னல் என்று தனித்தனியே வரிசையில் நிற்க வேண்டும். 1986ஆம் ஆண்டில் புது தில்லியில் கணிப்பொறி வழியான முன்பதிவு தொடங்கியது. பின்னர்ச் சென்னை முதலிய பெருநகரங்களுக்கும் அது பரவியது. 1999ஆம் ஆண்டில் இம்மையங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. மதுரையில் இருப்பவர் ஒருவரும் தில்லியில் இருப்பவர் ஒருவரும் ஒரே வண்டியில் ஒரே படுக்கையை ஒரே நொடியில் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்து சேர்ந்த கோரிக்கையை ஏற்றவுடன், அது முடியும்வரை அந்தப் படுக்கையை வேறெவரும் தொடாதபடி கணிப்பொறி பூட்டிவிடுகிறது. ஆகவே, ஒரே இடம் இருவருக்கு விற்கப்படுவதில்லை. இங்கே பெரிய மாற்றம் எது? பேனாவுக்குப் பதிலாக விசைப்பலகை வந்தது பெரிய மாற்றம் அன்று. பல பேரேடுகளாகச் சிதறிக் கிடந்த தகவல், எங்கிருந்தும் காணக்கூடிய ஒரே பேரேடாக ஆயிற்றே, அதுதான் பெரிய மாற்றம். முதல் உறுப்பு இதுவே.

இரண்டாம் உறுப்பு கணிதம். பத்து ஆலைகளில் சர்க்கரை இருக்கிறது. நூறு ஊர்களுக்கு அதை அனுப்ப வேண்டும். எந்த ஆலையிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மூட்டை அனுப்பினால் வண்டிக்கூலி மிகக் குறைவாக இருக்கும்? மனத்தால் எண்ணி விடை காண முடியாது. வழிகள் அத்துணை மிகுதி. 1947ஆம் ஆண்டில் ஜார்ஜ் டான்சிக் என்னும் கணித அறிஞர் இத்தகைய கணக்குகளுக்கு ஒழுங்கான ஒரு வழிமுறையைக் கண்டார். அந்த வழிமுறை இல்லாவிட்டால், எவ்வளவு விரைவான இயந்திரமும் இருட்டில் ஊசி தேடுபவனைப் போலத்தான் திணறும். ஆகவே, ஐ.டி. படிக்க விரும்பும் மாணவர் கணிதத்தைக் கண்டு அஞ்சி ஓடினால், அவர் மூன்றில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே கைவிட்டவர் ஆவார்.

மூன்றாம் உறுப்பு, சிந்தனையைப் போலச் செய்தல். இன்று செயற்கை நுண்ணறிவு என்று எல்லாரும் வியந்து பேசுகிறார்களே, அது நேற்று வானத்திலிருந்து குதித்ததன்று. ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன், கிளிஃப் ஷா என்னும் மூவர் 1956ஆம் ஆண்டிலேயே தருக்க முறைப்படி தேற்றங்களை நிறுவும் கட்டளைத் தொகுதி ஒன்றைக் கணிப்பொறிக்காக உருவாக்கினர். ரசலும் ஒயிட்ஹெட்டும் எழுதிய புகழ்பெற்ற கணித நூலின் ஓர் அதிகாரத்திலுள்ள முதல் 52 தேற்றங்களுள் 38 தேற்றங்களை அது நிறுவிக் காட்டியது. இம்முயற்சிகளைக் கண்முன் கொண்டுதான் லெவிட்டும் விஸ்லரும் மூன்றாம் உறுப்பைச் சேர்த்தார்கள். இன்று அந்த உறுப்பு மற்ற இரண்டையும்விடப் பெரிதாக வளர்ந்து நிற்கிறது.

மாணவர்களே, இதுவரையில் 'தொழில்நுட்பம்' என்னும் சொல்லைப் பார்த்தோம். அதற்கு முன்னால் நிற்கும் 'தகவல்' என்பது என்ன? இதைத்தான் நாம் எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

1948ஆம் ஆண்டில் கிளாடு ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர், செய்தித் தொடர்பைப் பற்றிய கணிதக் கொள்கை ஒன்றை வெளியிட்டார். தகவலையும் அளந்து பார்க்க முடியும் என்று அவர் காட்டினார். ஆம், இல்லை என்னும் இரண்டு விடைகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்வது ஓர் அலகு. அதற்குப் 'பிட்' என்று பெயர். நான் 1 முதல் 1024 வரையுள்ள எண்களுள் ஒன்றை நினைத்துக்கொள்கிறேன். "அது 512க்கு மேற்பட்டதா?" என்று நீங்கள் கேட்கிறீர்கள். நான் ஆம் என்றாலும் இல்லை என்றாலும், பாதி எண்கள் விலகிவிடும். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால், பத்தே கேள்விகளில் அந்த எண்ணைப் பிடித்துவிடலாம். ஆகவே, அந்த எண்ணில் அடங்கிய தகவல் பத்துப் பிட். இன்று உங்கள் கைப்பேசியில் வரும் பாட்டும் படமும் எழுத்தும் இந்த அலகாலேயே அளக்கப்படுகின்றன.

ஆனால் ஷானன் மற்றொன்றையும் தெளிவாக வரையறுத்துக்கொண்டார். செய்தியின் பொருள் என்ன என்பது பொறியியலறிஞரின் கவலை அன்று என்று அதனை ஒதுக்கி வைத்தார். "அம்மா நலம்" என்னும் செய்தியும், அதே எழுத்துகளைக் குலைத்துப் போட்ட பொருளற்ற வரியும் கம்பிக்கு ஒன்றுதான். பிழையில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் வேலை. படித்துப் பொருள் கொள்வது படிப்பவர் வேலை. இது அக்கொள்கையின் குறை அன்று, வரம்பு. அந்த வரம்பை அறிந்து வகுத்துக்கொண்டதனால்தான் அக்கொள்கை அத்தனை பயன் தந்தது. இயந்திரம் குறிகளைக் கையாளுகிறது. பொருளை மனிதன் காண வேண்டும்.

பள்ளியிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வகுப்பின் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவருக்கு ஒரு குறி; வராதவருக்கு ஒரு குறி. ஒரு மாதத்தில் நாற்பது மாணவருக்கு ஏறத்தாழ ஆயிரம் குறிகள் நிறைந்துவிடும். அவை வெறுங் குறிப்புகள். அவற்றைக் கூட்டிப் பார்த்து, ஒரு மாணவி திங்கட்கிழமைதோறும் வருவதில்லை என்று கண்டுகொண்டால், அது தகவல். இதனைக் கணிப்பொறி ஒரு நொடியில் கண்டு சொல்லும். ஆசிரியரைவிட விரைவாகவும் பிழையின்றியும் சொல்லும். ஆனால் அவள் ஏன் வருவதில்லை? திங்கட்கிழமை அந்த ஊரில் சந்தை நாளாக இருக்கலாம். தாய் காய்கறிக் கூடையோடு சந்தைக்குப் போய்விட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு எவரும் இல்லாமல் இருக்கலாம். இது பதிவேட்டில் இல்லை. அந்தப் பெண்ணை அருகில் அழைத்து, "என்னம்மா, திங்கட்கிழமை என்ன வேலை?" என்று கேட்கும் ஆசிரியருக்குத்தான் தெரியும். குறிப்பு, தகவல், அறிவு என்னும் மூன்றும் படிகள். முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு இயந்திரம் நம்மைத் தூக்கிச் செல்லும். மூன்றாம் படிக்கு நாம்தான் கேட்டும் விசாரித்தும் ஏற வேண்டும். இரண்டாம் படியிலேயே நின்றுகொண்டு, "இவள் சோம்பேறி, பெயரை நீக்கிவிடுக" என்று முடிவு செய்தால், பதிவேட்டில் ஒரு பிழையும் இராது, ஒரு பெண்ணின் படிப்பு மட்டும் அழிந்துபோகும்.

தொடக்கத்தில் ஒரு நிகழ்ச்சியைப் பற்றிக் குறிப்பிட்டேன். அது பிரிட்டனில் நடந்தது. அங்கே சிற்றூர்களிலும் தெருமுனைகளிலும் உள்ள அஞ்சலகங்கள் பலவற்றைத் துணை அஞ்சலக அதிபர்கள் ஒப்பந்த முறையில் நடத்திவந்தார்கள். பலர் தம் சேமிப்பையெல்லாம் போட்டு, கடையோடு சேர்த்து அஞ்சலகத்தை நடத்தியவர்கள். 1999ஆம் ஆண்டு முதல் 'ஹொரைசன்' என்னும் கணிப்பொறிக் கணக்கு முறை அந்த அஞ்சலகங்களில் புகுத்தப்பட்டது. அதன்பின், கணக்கு முடிக்கும்போது பணம் குறைகிறது என்று திரை பல இடங்களில் காட்டியது. பெட்டியில் உள்ள பணமோ சரியாகத்தான் இருந்தது. ஆனால், "கணிப்பொறி குறைவு என்று சொல்கிறது, நீ எடுத்திருக்கிறாய், கொடு" என்னும் நிலை ஏற்பட்டது. ஒப்பந்தப்படி குறைவுக்கு அவர்களே பொறுப்பு என்று கொள்ளப்பட்டது. பலர் வீட்டை விற்றும் கடன் வாங்கியும் கட்டினார்கள். 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டவர்கள் வழக்குகளில் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டார்கள். சிலர் சிறையும் சென்றார்கள். அண்டை அயலார் அவர்களைத் திருடர் என்று தூற்றினர்.

அந்நாட்டுச் சட்டமும் அவர்களுக்கு எதிராகவே நின்றது. கணிப்பொறி சரியாக வேலை செய்தது என்று மெய்ப்பித்த பிறகே அதன் பதிவைச் சான்றாகக் கொள்ள வேண்டும் என்னும் விதி முன்பு அங்கே இருந்தது. அவ்விதியை 1999ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று நீக்கிவிட்டது. அதன்பின், பழுது உண்டு என்று காட்டப்படும்வரை கணிப்பொறி சரியாகவே வேலை செய்தது என்று நீதிமன்றங்கள் கொண்டன. தன் மேசைமேல் இருக்கும் திரையைத் தவிர வேறொன்றும் காணாத ஓர் ஏழை அஞ்சலக அதிபர், எங்கோ இருக்கும் இயந்திரத்தின் பழுதை எவ்வாறு காட்டுவார்?

ஆயினும் ஆலன் பேட்ஸ் என்பவர் மனந்தளரவில்லை. அவரும் அஞ்சலகம் நடத்தியவர். திரை காட்டிய குறைவை ஏற்க மறுத்தவர். அவர் முன்னின்று 555 பேரைத் திரட்டி வழக்குத் தொடுத்தார். 2019ஆம் ஆண்டின் இறுதியில், அந்தக் கணக்கு முறையில் பிழைகள் இருந்தன என்றும், அவற்றால் கணக்கில் குறைவு தோன்றக்கூடும் என்றும் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் 39 பேர்மீது இருந்த குற்றத் தீர்ப்புகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் நீக்கியது. 2024ஆம் ஆண்டில் பாராளுமன்றமே தனிச் சட்டம் இயற்றி, எஞ்சியிருந்த நூற்றுக்கணக்கான தீர்ப்புகளை நீக்கியது. ஆனால் அதற்குள் பலர் முதுமையடைந்துவிட்டார்கள். சிலர் இறந்தே போனார்கள்.

இங்கே குற்றம் இயந்திரத்தினுடையது மட்டுமா? பிழை இல்லாத இயந்திரம் உலகில் இல்லை. பிழை இருக்கக்கூடும் என்று எண்ண மறுத்ததே பெருங்குற்றம். திரையில் தோன்றியது ஒரு குறிப்பு. அதனைத் தகவலென்று கொண்டார்கள். தகவலையே உண்மையென்று கொண்டார்கள். அதன்மேல் தண்டனையும் விதித்தார்கள். நடுவில் ஒருவரும் எழுந்து, "இந்த எண் எப்படி வந்தது?" என்று போதிய அளவு கேட்கவில்லை. கருவியை வாங்கியவர்கள் கலையை வாங்க மறந்துவிட்டார்கள்.

ஆகவே, மாணவர்களே, தகவல் தொழில்நுட்பம் என்பது இயந்திரத்தின் பெயர் அன்று என்று நான் கூறுவதன் காரணம் இப்போது விளங்கும். தகவலைத் திரட்டுதல், காத்தல், அனுப்புதல், ஆராய்தல், அதைக் கொண்டு முடிவு காணுதல் ஆகிய எல்லாம் சேர்ந்த கலைக்கே அது பெயர். முடிவு காணுதல் அதில் அடங்குமானால், முடிவுக்குப் பொறுப்பேற்றலும் அதில் அடங்கியே தீரும். இயந்திரம் கணக்கிடும், கூண்டில் ஏறி நின்று அதற்கு விடை சொல்லாது. மனிதன்தான் விடை சொல்ல வேண்டும்.

நீங்கள் நாளை இத்துறையில் புகலாம். அல்லது வங்கியிலோ, வட்டாட்சியர் அலுவலகத்திலோ, மருத்துவமனையிலோ அமர்ந்து, திரையைப் பார்த்து மற்றவர்க்கு விடை கூறும் வேலையில் அமரலாம். ஒரு முதியவர் உங்கள் முன் வந்து நிற்பார். "ஐயா, ஓய்வூதியம் வரவில்லை" என்பார். திரையோ, வந்துவிட்டது என்று காட்டும். அப்போது, "கணிப்பொறியில் அப்படித்தான் இருக்கிறது, பெரியவரே" என்று கூறி அவரைத் திருப்பி அனுப்புவது எளிது. ஆனால் அந்த எண்ணை யார் பதிந்தார்கள், எந்தக் கணக்கில் சேர்ந்தது, பெயரிலோ எண்ணிலோ மாற்றம் நேர்ந்ததா என்று ஐந்து நிமிடம் தேடிப் பார்ப்பவர்தான் தகவல் தொழில்நுட்பத்தைக் கற்றவர். மற்றவர் விசையை அழுத்தக் கற்றவர், அவ்வளவே.

இப்பழக்கத்தை இப்போதே தொடங்கலாம். கைப்பேசியில் ஒரு செய்தி வந்தால், இது யாரிடமிருந்து புறப்பட்டது என்று கேளுங்கள். ஒரு புள்ளிவிவரத்தைக் கண்டால், எவரை எண்ணினார்கள், எவரை விட்டார்கள் என்று கேளுங்கள். செயற்கை நுண்ணறிவு ஒரு விடையைத் தந்தால், அதனை வேறொரு நூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது தவறாக இருந்தால் பொறுப்பேற்கப் போகிறவர் நீங்களே என்பதை மறவாதீர்கள். ஐயுறுவது அறியாமை அன்று. அறிவின் தொடக்கம் அதுவே. கணிப்பொறி இல்லாத சிற்றூர்ப் பள்ளியில் படிக்கும் மாணவரும் இந்தப் பாடத்தை இன்றே தொடங்க முடியும். அதற்கு மின்சாரமும் வேண்டுவதில்லை; கட்டணமும் வேண்டுவதில்லை.

அடுத்த முறை உங்களிடம் எவரேனும், "என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டால், ஐ.டி. என்றே சொல்லுங்கள். மகிழ்ச்சி. "அது என்ன?" என்று அவர் மேலும் கேட்டால், கட்டடத்தையும் சம்பளத்தையும் சொல்லாமல், தகவலைக் கொண்டு நல்ல முடிவு காணும் கலை என்று நிமிர்ந்து நின்று சொல்லுங்கள்.